இயற்கை நிறத்துக்கு மூன்று பொடி

இயற்கை நிறம் என்று ஒரு சாயம் இருக்கிறது. அதற்கு மூன்று பொடி வேண்டும். மஞ்சள் கொஞ்சம், சிவப்பு அதைவிடக் கொஞ்சம், நீலம் நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு. அப்புறம் உப்பு, சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். இந்த அளவுகளைப் போட்டவள் நான். உங்கள் லேப் கம்ப்யூட்டரில் இன்னமும் அது கிடக்கிறது, என் பெயரின் முதலெழுத்தோடு.

புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க உங்கள் அனுபவத்தில் நாலு பக்கம் எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டிருந்தீர்கள். விளக்கை எப்போது மாற்றுவது, மெஷினை எப்படித் துடைப்பது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு ஐப்பசி மாதத்தைச் சொல்கிறேன். இனிப்பாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபமாகத்தான் வருகிறது. ஆறட்டும் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

என் வேலை ஷேடு பார்ப்பது. சாயம் போட்ட துணியையும், வாங்குகிறவர்கள் அனுப்பிய மாதிரித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாம்பல் வண்ணம் அடித்த ஒரு பெட்டிக்குள் விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஒத்தால் பாஸ் முத்திரை, ஒத்துப்போகாவிட்டால் ஃபெயில் முத்திரை. பீளமேட்டில் படித்து முடித்து இருபத்துநாலு வயதில் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டவள், ஐம்பத்திரண்டில்தான் வெளியே எடுத்தேன். நானாக எடுக்கவுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நம் கண்ணுக்கு வைக்கிற சோதனையில், வண்ணச் சில்லுகளை வரிசையாக அடுக்கும்போது மஞ்சளுக்குப் பக்கத்தில் மூன்றை இடம் மாற்றி வைத்துவிட்டேன். கண்ணின் வில்லை பழுக்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். இப்போது எனக்கு எந்த வெள்ளையும் முழு வெள்ளை இல்லை. எல்லாவற்றின் மேலும் ஒரு பாலேடு. ஒரு காலத்தில் நான் மூன்று பொடி போட்டுச் செய்த நிறம் இன்று என் கண்ணுக்குள்ளேயே குடியேறிவிட்டது. எனக்கு இது வேண்டியதுதான்.

அந்த ஐப்பசியில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர் கைக்குழந்தைகளுக்கான சட்டை. கடல் கடந்து போகிற துணி. கழுத்தில் தொங்கவிடும் அட்டை முன்னாலேயே வந்துவிட்டது. சணல் நூல், பச்சையாக ஒரு இலை, மண்ணைப் பற்றி இரண்டு வரி. நிறத்தின் பெயர், இயற்கை.

சாயமே போடாத பருத்தித் துணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தென்னம்பாளையை உரித்தால் உள்பக்கம் ஒரு நிறம் இருக்குமே, அது. அங்கங்கே பருத்திக்கொட்டைத் தோல் பழுப்புப் பொட்டாகச் சிக்கியிருக்கும். நன்றாகச் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசினால் போதும், குழந்தைக்குப் போடலாம். அதற்கு லேப் வேண்டாம், நான் வேண்டாம், மூன்று பொடியும் வேண்டாம்.

ஆனால் பருத்தி செடியில் விளைகிறது. ஒரு காட்டுப் பருத்தி கொஞ்சம் மஞ்சளாக வரும். வெடித்த பிறகு மழையில் நனைந்தது கொஞ்சம் சாம்பலாக வரும். வாங்குகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கான சட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இயற்கையாகவும் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று மயிரளவும் மாறக்கூடாது.

ஆகவே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தென்னம்பாளை நிறத்தில் வந்த துணியைக் காரத்தில் கொதிக்கவைத்து, பெராக்சைடு ஊற்றி, கொக்கு மாதிரி வெளுத்தோம். வெளுத்த துணியில் மூன்று பொடி போட்டு மறுபடியும் தென்னம்பாளை நிறத்துக்குக் கொண்டுவந்தோம். பொட்டு? வெளுத்ததில் பொட்டும் போய்விடும் அல்லவா. அதற்கு நூல் மில்லிலேயே ஏற்பாடு. வெளுத்தாலும் போகாத பழுப்பு பாலியஸ்டர் துணுக்கைப் பஞ்சோடு கலந்து நூற்றுத் தந்தார்கள், கொட்டைத் தோல் மாதிரியே தெரிய. மட்கிப் போகிற பொட்டை எடுத்துவிட்டு, மட்கவே மட்காத பொட்டை வைத்தோம். கைக்குழந்தைச் சட்டையில். அதன் மேல் இலைப் படம் போட்ட அட்டையைக் கட்டினோம்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அதுதான் இப்போது வருகிறது. அப்போது பெருமையாக இருந்தது. வெளுத்த துணியில் வெளுக்காத துணியைக் கொண்டுவருவது சுலபமில்லை, பதினேழு தடவை முயற்சி செய்து பிடித்தேன். பாராட்டி மெயில் வந்தது. லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

*

எங்கள் யூனிட்டில் கழிவுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன். இன்னும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார், என்னால் ஒரு தடவை பட்டது போதும். கொடுமுடிக்காரர். காவிரியில் தண்ணீர் வந்தால் படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தே வளர்ந்த மனிதர். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். சாயமெஷினிலிருந்து இறங்குகிற தண்ணீரெல்லாம் வந்து சேரும் பெரிய தொட்டியில் காலையில் முதல் வேலையாக ஒரு மூங்கில் கழியை விட்டுப் பார்ப்பார். விளிம்புக்குக் கீழே இன்னும் எத்தனை அடி காலி என்று பார்த்து, நேராக நம் லேபுக்கு வந்து, வாசலில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். 'இன்று இடம்: மூன்றடி.' யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவருடைய ரிப்போர்ட் போக வேண்டியது மேனேஜருக்கு, எங்களுக்கு அல்ல. ஆனாலும் எழுதுவார்.

நாங்கள் அதற்கு வானிலை அறிக்கை என்று பெயர் வைத்திருந்தோம்.

"என்னுங்கண்ணா, இன்னைக்குக் கடலோர மாவட்டங்கள்ல எப்படி?" என்று லேப் பெண்கள் கேட்பார்கள்.

"ரெண்டே முக்கால் அடிங்க அம்மணி. நீங்க கருப்புக் கலரு கம்மியாப் போட்டீங்கன்னா வெயிலடிக்குமுங்க," என்பார்.

என்னிடம் மட்டும் வாசலில் நின்றபடி, "மேடம், எழுதிப்போட்டேனுங்க," என்று ஒரு வார்த்தை. பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே "சரிங்க" என்பேன். இரண்டு வருஷம் அப்படிச் சொன்னேன். ஒரு நாள்கூட வெளியே வந்து பலகையைப் படித்ததில்லை.

ஐப்பசி. விடாமல் மழை. சொட்டுக்கூட வெளியே விடக்கூடாத தொட்டித் தண்ணீரைக் கடைசியில் காய்ச்சி ஆவியாக்குகிற மெஷின் நாலு நாளாக ரிப்பேர். அன்றைக்குப் பார்த்து விடிந்ததுமே குழந்தைச் சட்டைத் துணியின் பெரிய லாட் ஒன்று சாயமெஷினிலிருந்து இறங்கியது. பெட்டிக்குள் வைத்தேன். லேசாகச் சிவப்பு. நீங்கள் பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நிறம் அளக்கும் மெஷினும் அதையே சொன்னது: மாதிரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுக்குள் இருக்க வேண்டியது, ஒன்று புள்ளி ஒன்று.

இருண்ட நிறமாக இருந்தால் மேலே கொஞ்சம் சாயம் ஏற்றிச் சமாளிக்கலாம். இவ்வளவு வெளிறிய நிறத்தில் ஏறிய சிவப்பை எடுக்க ஒரே வழிதான். போட்ட சாயத்தை முழுக்க உரித்து, மறுபடி வெளுத்து, மறுபடி போடுவது.

தொட்டிக்காரர் உள்ளே வந்தார். ஈர பூட்ஸோடு லேபுக்குள் வரவே மாட்டார். அன்று வந்தார். வெள்ளை டைல்ஸில் தடம் பதிந்தது.

"மேடம், ஒரு நிமிசமுங்க. குழந்தைத் துணி பாஸுங்களா?"

"சிவப்பு ஏறியிருக்குதுங்க."

"ரொம்பவுங்களா?"

"மயிரிழை."

"மயிரிழைதானுங்களே, விட்டுப்போடக் கூடாதுங்களா? மறுக்கா போட்டா எட்டுத்தரம் தண்ணி எறக்கோணுமுங்க. தொட்டில ஒரு அடிதான் எடம் இருக்குது. பலகைல எழுதிப்போட்டேன், பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. "லிமிட் தாண்டினா ஃபெயில்தாங்க. நான் என்ன பண்றது?"

"நாளைக்கு மத்தியானம் அந்த மெசினு ஓடிருமுங்க. அதுவரைக்கும் துணியை அப்படியே வெச்சிருக்கலாமுங்களா? இல்லாட்டி யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமுங்களா?"

அப்போது நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் ஒரு நாள் சொல்லப் போகிற வாக்கியம் அது.

"அண்ணா, தொட்டி உங்க வேலைங்க. ஷேடு என் வேலை."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அதுஞ்சரிதானுங்க. ஆனா உங்க வேலை முடிஞ்சு எங்கிட்டத்தானுங்க வந்து உழுகுது," என்றார். வெளியே போகும்போது தன் பூட்ஸ் தடத்தைத் திரும்பிப் பார்த்து, மூலையில் இருந்த மாப்பை எடுத்துத் துடைத்துவிட்டுப் போனார். நான் ஃபெயில் முத்திரையை எடுத்துக் குத்தினேன். அந்த முத்திரைக்கு ஒரு சத்தம் உண்டு. இன்றுவரை கேட்கிறது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மறுபடி சாயம் போட்ட துணியின் முதல் துண்டு என் கைக்கு வந்தது. அருமையான ஷேடு. மெஷினில் புள்ளி ஆறு. பாஸ் முத்திரையைத் தேடும்போது ஜன்னலில் பார்த்தேன். தொட்டி மேட்டில் மேனேஜர் குடையோடு நிற்கிறார். தொட்டிக்காரர் நனைந்துகொண்டு நிற்கிறார். தொட்டி வாய் தளும்புகிறது. மேனேஜர் கத்திச் சொன்னது மழையிலும் கேட்டது.

"கொஞ்ச நேரம் தொறந்து உடப்பா! மழைத்தண்ணியோட மழைத்தண்ணியாப் போயிரும்!"

அவர் தலையை ஆட்டி மறுத்ததைப் பார்த்தேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை குனிந்து வால்வைத் திருப்பினார். காம்பவுண்டுக்கு வெளியே பள்ளத்தில் தண்ணீர் இறங்கியது. அது இயற்கை நிறத்தில் இல்லை. அந்த வாரம் போட்ட கருப்பும் நீலமும் மெரூனும் கலந்து, பழைய காயம் ஆறும்போது தோலுக்கடியில் தெரியுமே, அந்த நிறம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு திரும்பி வந்து பாஸ் முத்திரையைக் குத்தினேன்.

*

பள்ளத்துக்குக் கீழே ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரம்மா மறுநாள் காலையில் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மூடியும் பிடியும் வைத்த ஒரு தூக்குப்போசி. கேட்டில் தடுத்ததைக் கேட்காமல் நேராக லேபுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே மேனேஜர், அவருக்குப் பின்னால் தொட்டிக்காரர்.

"நீதானா கண்ணு இங்க கலரு பாக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப இது என்ன கலருன்னு பார்த்துச் சொல்லு."

தூக்குப்போசி மூடியைத் திறந்தார். கிணற்றுத் தண்ணீர். மேனேஜர், "அம்மா, ஆபீஸ்ல உக்காந்து பேசலாமுங்க, காபி சாப்பிடுங்க," என்று இழுத்தார்.

"எங்கூட்டுக் கன்னுக்குட்டி இந்தத் தண்ணில வாய் வெக்காம மூஞ்சியத் திருப்பிக்குது. அதுக்குக் குடுங்க காபி," என்றார் அந்தம்மா. மறுபடி என்னிடம் திரும்பி, "அந்த லைட்டுல வெச்சுப் பாரு கண்ணு. உங்க துணியெல்லாம் அதுலதான வெச்சுப் பாக்கறீங்க? இதும் உங்க சரக்குதான்."

வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் துணி மட்டும் வைத்த பெட்டிக்குள் ஒரு தூக்குப்போசி. பகல் விளக்கு, கடை விளக்கு, மஞ்சள் விளக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். எதற்கென்று தெரியவில்லை, கை பழகிவிட்டது. எந்த விளக்கிலும் அது தண்ணீராகத் தெரியவில்லை.

"யாரு தொறந்து உட்டது?" என்றார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மேஜைமேல் ஃபெயில் முத்திரை கிடந்தது. அதைத் தள்ளி ஒரு பேப்பருக்கு அடியில் வைத்தேன். ஆம், வைத்தேன்.

"நாந்தானுங்கக்கா தொறந்தேன்," என்றார் தொட்டிக்காரர்.

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொல்லாம நிக்கறயே, அதுக்காக வையாமப் போறேன். ஆனா விட்டுப்போட மாட்டேன், பாத்துக்க." தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனார். விடவுமில்லை. புகார் கொடுத்தார்.

அன்று மத்தியானமே வாங்குகிறவர்களின் உள்ளூர் ஆபீசில் எங்கள் ஆர்டரைப் பார்த்துக்கொண்ட தம்பிக்குப் போன் செய்தேன். துணி எப்போது வரும் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது, முதல் தடவை ஒன்று புள்ளி ஒன்று வந்ததால் மறுபடி போட வேண்டியதாயிற்று என்றேன்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணுங்களா? அட, ஒரு போன் அடிச்சிருந்தா ஓகே சொல்லியிருப்பேனுங்களே மேடம்."

"லிமிட் ஒண்ணுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அது எல்லாக் கலருக்கும் போடற ஃபாரமுங்க மேடம். கடையில வாங்கற அம்மா ஒரு சட்டையத்தான் எடுத்துப் பார்க்கும். ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறது இந்த உலகத்துலயே நாம மட்டும்தானுங்க."

அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் அந்தச் சாம்பல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டுத் தடவை தண்ணீர், ஒரு கிணறு, ஒரு மனிதரின் வேலை. எல்லாம் யாரும் எங்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகாத இரண்டு துண்டுத் துணிக்காக. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். லேபில் கால் வைக்கத் தயங்குகிற மனிதருக்குத் தோன்றியது, படித்த எனக்குத் தோன்றவில்லை.

*

இரண்டு நாள் கழித்து அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். விளக்கம் கேட்டார்கள். மறுநாள் காலை மேனேஜர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். தொட்டிக்காரர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று அவருக்கு: கவனக்குறைவாக வால்வைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டேன். இன்னொன்று எனக்கு: அந்த லாட் முதல் தடவையே பாஸ்.

புரிகிறதா? முதல் தடவையே பாஸ் என்றால் மறுபடி சாயம் போடவில்லை. மறுபடி போடவில்லை என்றால் தொட்டிக்கு அதிகத் தண்ணீர் வரவில்லை. வரவில்லை என்றால் யூனிட் மேல் தப்பில்லை, வால்வுக்காரர் மேல்தான் தப்பு.

"பொய் ஒண்ணுமில்லீங்க மேடம்," என்றார் மேனேஜர். "அந்தத் தம்பியே முதல் லாட்டு ஓகேங்கறாப்ல. அப்ப பாஸுன்னு எழுதறதுல என்னுங்க தப்பு? யூனிட்டை மூடிட்டா முந்நூறு பேரு ஊட்ல உலை வெக்க முடியாது. நெனச்சுப் பாருங்க."

அவர் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் முந்நூறு பேர் என்றது உண்மை. அந்தத் தம்பி சொன்னதும் உண்மை. இப்படித்தான் வரும், கவனமாகப் படியுங்கள்: உங்களைப் பொய் எழுதச் சொல்லும்போது சுற்றிலும் உண்மையாக அடுக்கித்தான் சொல்வார்கள். பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன்.

தொட்டிக்காரர் என் காகிதத்தை எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதடு அசைந்தது.

"மேடம், தெரியாமத்தானுங்க கேக்கறேன். அன்னைக்கு ஆகாத துணி இன்னைக்கு எப்படீங்க ஆச்சு?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு வருஷம் தினமும் பலகையில் எழுதினவர், என் தொழிலைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி.

"ஆகலைங்க," என்றேன். பேனாவை மூடினேன்.

இதில் என்னைப் பாராட்ட ஒன்றுமில்லை. நியாயத்துக்காகவோ கிணற்றுக்காகவோ நான் மறுத்தேன் என்று சொன்னால் அதுவும் இலைப் படம் போட்ட அட்டைதான். என் கண் தப்பு என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். எந்தத் திமிர் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டதோ, அதே திமிர்தான் கையெழுத்துப் போடவும் விடவில்லை. ஃபெயில் ரிப்போர்ட் ஃபைலில் அப்படியே இருந்தது. அவர் மேல் மட்டும் பழி விழாமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம்.

யூனிட்டுக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். முந்நூறு பேரும் சும்மா உட்கார்ந்தோம். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அந்தக் கன்றுக்குட்டி மாதிரியே. லேப் பெண்களில் ஒருத்தி மட்டும் வந்து, "மேடம், நீங்க சைன் போட்டிருந்தீங்கன்னா நான் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன். போடாததால ஊர்ல யாரும் பேச மாட்டேங்கறாங்க. எப்படியிருந்தாலும் உங்களுக்கு நட்டம்தான்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். தோப்புக்காரம்மாவின் கிணற்றில் மாடு வாய் வைக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. யூனிட் திறந்தபோது தொட்டிக்காரர் வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை.

"தொறந்த கை என்னுதுதானுங்களே மேடம். தெனமும் அந்தத் தோப்பு வழியாத்தான் வரோணும். முடியலீங்க," என்றார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

*

இதெல்லாம் எதற்கு உங்களுக்கு?

அடுத்த பருவத்துக்கு அதே ஆர்டர், அதே இயற்கை நிறம் வந்தது. இந்தத் தடவை சாயம் போடாமல், வெறும் வெந்நீரிலும் சோப்பிலும் அலசிய துணியில் மூன்று துண்டு எடுத்தேன். வெளிறியது ஒன்று, நடுவில் ஒன்று, கொஞ்சம் மஞ்சள் ஏறியது ஒன்று. மூன்றையும் ஒரே அட்டையில் தைத்து, 'இந்த மூன்றுக்கு நடுவில் எது வந்தாலும் பாஸ்' என்று எழுதி அனுப்பினேன். அந்தத் தம்பி அலறினார். "மேடம், சட்டைக்குச் சட்டை மாறுமுங்களே!" குழந்தைக்குக் குழந்தையும்தான் மாறும் என்றேன். ஒரு மாதம் இழுத்தார்கள். கடைசியில் ஏழு டிசைனில் ஒன்றுக்கு மட்டும் சரி என்றார்கள். மீதி ஆறும் மூன்று பொடிதான். இதை வெற்றிக் கதையாக யாரிடமும் சொல்லாதீர்கள். ஏழில் ஒன்று.

எனக்குக் கோபம் சாயத்தின் மேல் இல்லை. கருப்பு வேண்டும் என்றால் கருப்பு போடுங்கள், தொட்டிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். கோபம் இந்த நடிப்பின் மேல். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கி, மண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று அட்டை அடிக்கிறார்கள். அந்தத் துணியை ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசியாக அது சாக்கடைக்குப் போகிறது. பாட்டிலாக இருந்தவரை கையால் பொறுக்கவாவது முடிந்தது. பருத்திப் பனியனில் நூற்றுக்கு ஐந்து பங்கு இழுபடும் லைக்ரா நூல் சேர்த்தால் உடம்போடு ஒட்டும் என்கிறார்கள். ஒட்டட்டும். வெட்டியது போக மிஞ்சுகிற துணியைப் பிரிக்கிற பெண்களைப் போய்க் கேளுங்கள். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "ரப்பர்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தூரப் போடுவார்கள். அந்த ஐந்துக்காக மீதித் தொண்ணூற்றைந்தும் மறுபடி பஞ்சாக முடியாமல் போகிறது.

நல்ல துணி எது என்று இப்போது கல்லூரிகளில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் இல்லை. ஒரே நாரில் செய்தது, கலப்பில்லாதது, கிழிந்தால் தைத்துப் போடத் தோன்றுவது, இரண்டு வருஷம் கழித்தும் உங்கள் உடம்பில் இருப்பது. ஏற்கெனவே உங்கள் பீரோவில் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. அதைச் சொன்னால் கைதட்டமாட்டார்கள். துணி விற்கிறவர்கள் அடுத்த தடவை கூப்பிடவும் மாட்டார்கள்.

உங்களால் முடிந்தது இன்னும் சின்னது. ஃபெயில் முத்திரையை எடுப்பதற்கு முன் ஒரு போன். லிமிட் யார் எழுதினது, எதற்கு எழுதினது என்று ஒரு கேள்வி. சும்மா நிரப்பின ஃபாரமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் யாரும் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் உங்கள் முத்திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு தொட்டி இருக்கிறது. அந்த மூன்று பொடிக் கணக்கை அழிக்க எனக்கு இப்போது உரிமையில்லை. உங்களுக்கு இருக்கிறது. என் பெயரெழுத்துக்காக யோசிக்க வேண்டாம்.

அவர் போன பிறகு அந்தப் பலகையில் யாரும் எழுதவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். எட்டாவது நாள் நானே தொட்டி மேட்டுக்குப் போனேன். அவருடைய மூங்கில் கழி சுவரோரம் அப்படியே சாய்ந்திருந்தது, அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. விட்டுப் பார்த்து, வந்து எழுதினேன். கண் சோதனையில் தோற்கிற வரைக்கும் ஆறு வருஷம் தினமும் எழுதினேன். நீங்கள் சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும், உங்களில் பழையவர்கள் என்னையும் வானிலை அறிக்கை என்றுதான் கூப்பிட்டார்கள்.

போன மாதம் ஒரு காகிதம் வாங்க லேபுக்கு வந்தேன். பலகையில் கலர் சாக்பீஸில் பூப்போட்டு, உங்களில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தீர்கள். அழகாக இருந்தது. பாலேடு படிந்த என் கண்ணுக்கே அந்த ரோஸ் அழகாகத் தெரிந்தது. வாழ்த்து இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.

கழி இன்னும் அங்கேதான் சாய்ந்திருக்கிறது. வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நாளைக் காலையில் லேபுக்குள் நுழைவதற்கு முன், உங்களில் ஒருவர் தொட்டி மேடு வரை நடங்கள். வந்து, அந்தப் பூவுக்குக் கீழே எழுதுங்கள், இன்று எத்தனை அடி என்று. எழுதினால் மட்டும் போதாது. முத்திரையைக் கையில் எடுத்த பிறகு, ஒரு தடவை வெளியே வந்து அதைப் படியுங்கள்.